பிசிக்ஸ் டிபார்ட்மெண்டின் குரல்

சென்னியப்பன் சாரையா கேக்கறீங்க? இருக்காருங்க. பாடம் நடத்தறாரு. பதினொண்ணு, பன்னெண்டு, அப்புறம் நீட் பரீட்சையில மார்க் பத்தாம மறுபடி படிக்க வந்து உக்காந்திருக்கிற ரிப்பீட்டர் பசங்க, எல்லாத்துக்கும் பிசிக்ஸ் அவருதான். காலையில முதல் பீரியடு. லீவு கிடையாது, லேட்டு கிடையாது. உங்க அண்ணன் பையன் சொன்னது அத்தனையும் நிஜந்தான். தைரியமா பாப்பாவைச் சேருங்க.

ஆனா, சேர்க்கறதுக்கு முன்னாடி அவரை நேர்ல பார்த்து ஒரு வார்த்தை பேசோணும்னு சொன்னீங்க பாருங்க, அது மட்டும் நடக்காதுங்க.

அட, அப்படிப் பார்க்காதீங்க. உசுரோடதான் இருக்கான். வீட்டுல இருக்கான். நான் அவன் இவன்னு பேசறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க, எனக்குத் தம்பி மாதிரி. இந்த ஸ்கூலுக்கு அவனைக் கூட்டிட்டு வந்ததே நான்தான். பாப்பா தூங்கட்டும், எழுப்பாதீங்க. பஸ்ஸு ஸ்கூல் ஸ்டாப்புக்குப் போய்ச் சேர நேரம் கெடக்குது. சொல்றேன். என் மனசுலயும் ஒரு மாசமா ஒண்ணு கெடந்து உறுத்திக்கிட்டே இருக்குதுங்க, யாருகிட்டயாவது சொன்னாத் தேவலைன்னு இருக்குது.

நான் அப்ப பிசிக்ஸ் டிபார்ட்மெண்டுக்கு ஹெட். இப்ப அகாடமிக் கோஆர்டினேட்டர், எல்லா டிபார்ட்மெண்டும் என் பொறுப்புல வந்துடுச்சு. அவன் ராசிபுரம் பக்கம் ஒரு சின்ன ஸ்கூல்ல ஒன்பதாவதுக்கு நடத்திட்டுக் கெடந்தான். நான் பரீட்சை சூப்பர்வைசரா அங்க போயிருந்தேன். வராண்டாவுல நடந்து போறேன், ஒரு குரல் கேக்குது. நின்னுட்டேன். கத்தவே மாட்டான் அவன். வாத்தியாருங்கன்னா கத்துவோம், நானே கத்துவேன். அவன் சாதாரணமாத்தான் பேசுவான், ஆனா அந்தக் குரல் கடைசி பெஞ்சு வரைக்கும் போயி அங்க இருக்கற பையன் பக்கத்துல உக்காந்துக்கும். உராய்வுன்னா என்னன்னு அன்னைக்கு நடத்திட்டு இருந்தான். நான் எம்.எஸ்சி. படிச்சவன். உராய்வு அன்னைக்குத்தான் எனக்கே புரிஞ்ச மாதிரி இருந்துச்சு.

அவங்கப்பா புதன்சந்தையில மாட்டுத் தரகரு. துண்டுக்குள்ள கையை விட்டு விரலைப் பிடிச்சே விலை பேசி முடிக்கிறவரு. அவருக்கு எப்படி இப்படி ஒரு மகன்னு நாங்க கேலி பண்ணுவோம். சிரிப்பான். எதுக்கும் சிரிப்புத்தான். இல்லைன்னு சொல்லவே வராது அவனுக்கு. அது ஒரு நல்ல குணங்க. நம்ம மாதிரி ஆளுங்களுக்கு அப்படி ஒருத்தன் கீழ வேலை பார்த்தா மலை மாதிரி.

எங்க ஸ்கூலைப் பத்தி வெளிய இருக்கறவங்களுக்கு ஒண்ணு தெரியாது. டிபார்ட்மெண்ட்டுனா அது ஒரு வீடு மாதிரி. ஸ்டாஃப் ரூம் ஒண்ணுதான், நடுவுல பீரோவை நிறுத்தித் தடுத்திருக்கும். இந்தப் பக்கம் பிசிக்ஸ், அந்தப் பக்கம் கெமிஸ்ட்ரி, ஜன்னலோரம் பயாலஜி. தமிழும் இங்கிலீஷும் மாடிப்படிக்குக் கீழ. டீ வந்தாக் கூட அவங்கவங்க ஆளுங்களோடதான் குடிப்போம். பெரிய சண்டை எதுக்குன்னு கேட்டீங்கன்னா, காலையில முதல் பீரியடு யாருக்குங்கறதுதான். பசங்க தலை தெளிவா இருக்கற நேரம். அதைப் பிடிச்சவங்க டிபார்ட்மெண்ட்தான் ரிசல்ட்டு காட்டும்.

கெமிஸ்ட்ரிக்கு லோகாம்பாள் மேடம் ஹெட்டு. கெட்டிக்காரங்க. சிரிச்சுக்கிட்டே பீரியடைப் பறிச்சுக்குவாங்க. நான் சொல்ற அந்த வருஷத்துக்கு முந்தின வருஷம் பிசிக்ஸ்தான் எல்லாத்தையும் விடக் கீழ. ஜூன்ல ஸ்டாஃப் மீட்டிங். சேர்மன் ஐயா எங்க டிபார்ட்மெண்டை மட்டும் எழுந்திருக்கச் சொன்னாரு. எழுந்தோம். உக்காரச் சொல்லவே இல்லை. மீட்டிங் முடியற வரைக்கும் நின்னோம், டீ கொடுக்கும்போதும் நின்னுக்கிட்டேதான். லோகாம்பாள் எதிர்ல உக்காந்து பிஸ்கட் சாப்பிட்டுட்டு இருக்காங்க. நீங்களே சொல்லுங்க, தலை நரைச்ச காலத்துல எனக்கு அது தேவையா? வீட்டுக்கு வந்து நான் சாப்பிடலைங்க. அன்னைக்கு முடிவு பண்ணுனேன், இந்த வருஷம் பிசிக்ஸ் மேல வரலைன்னா நான் இந்த வேலைக்கே லாயக்கில்லைன்னு.

என் கையில என்ன இருந்துச்சு? சென்னியப்பன் இருந்தான். அவன் குரல் இருந்துச்சு. எல்லா செக்ஷனையும் அவனுக்கே போட்டேன். மத்த வாத்தியாருங்களைப் பரீட்சைப் பேப்பர் திருத்த வச்சுட்டேன். காலையில ஆரம்பிச்சா சாயங்காலம் ஸ்டடி வரைக்கும் பேசிட்டே இருப்பான். ஞாயித்துக்கிழமை ரிப்பீட்டர்ஸ். அவன் பொண்டாட்டி கோகிலவாணி, ரொம்ப நல்ல பிள்ளை, என்னை அண்ணான்னுதான் கூப்பிடும், ஒரு தடவை போன் பண்ணி, அண்ணா, குழந்தை அவரை யாரோன்னு பார்த்து அழுவுதுண்ணான்னு சொல்லுச்சு. அவங்க பாப்பா அப்பத்தான் நடை பழகிட்டு இருந்தது. இவன் கிளம்பும்போதும் தூங்கும், வரும்போதும் தூங்கும். நான் சொன்னேன், ஒரு வருஷந்தான் அம்மணி, அப்புறம் பாரு, உன் வீட்டுக்காரன் எங்க இருக்கப் போறான்னு.

ஆயுத பூஜை முடிஞ்ச வாக்குல குரல் கரகரன்னு ஆரம்பிச்சுது. வாத்தியாருக்குத் தொண்டை கட்டறது என்ன அதிசயமா? பனங்கற்கண்டு, மிளகுப் பால், சித்தரத்தை எல்லாம் கொடுத்துப் பார்த்தோம். என் வீட்டுல இருந்து தினமும் ஃபிளாஸ்க்ல சுடுதண்ணி கொண்டு வந்து கொடுத்தது நான். சட்டையில மாட்டற மைக்கு வாங்கிக் கொடுத்ததும் நான்தான். தீபாவளி வந்துச்சு, போச்சு, கரகரப்புப் போகலை. சேலத்துல ஒரு காது மூக்குத் தொண்டை டாக்டர்கிட்டப் போயிட்டு வந்தான். ஒரு மாசம் வாயைத் திறக்கவே கூடாதுன்னு சொல்லிட்டாராம். குரல்வளையில ஏதோ தடிப்பு இருக்குது, கொஞ்சம் வெட்டியெடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்போணும், உடனே வாங்கன்னு சொன்னாராம்.

டாக்டருங்க எதைத்தான் உடனே வாங்கன்னு சொல்ல மாட்டேங்கறாங்க. மாடல் எக்ஸாம் தலைக்கு மேல நிக்குது. நான் அவனைத் திட்டலை, மிரட்டலை. தோள் மேல கை போட்டுத்தான் கேட்டேன். பொங்கல் வரைக்கும் தாங்குவியா தம்பின்னு. தலையாட்டுனான். அவனாத்தான் ஆட்டுனான்.

இது எப்படியோ லோகாம்பாள் காதுக்குப் போயிடுச்சு. பீரோவைச் சுத்திக்கிட்டு எங்க பக்கம் வந்தாங்க, அதுக்கு முன்னாடி வந்ததே கிடையாது. சார், சென்னியப்பனை ஒரு மாசம் அனுப்பிடுங்க, அந்த முதல் பீரியடை நாங்க பார்த்துக்கறோம், பாடத்தை முன்னாடியே முடிச்சிட்டு ஜனவரியில எங்க பீரியடு அத்தனையும் உங்களுக்குத் தந்துடறோம், நானே சேர்மன்கிட்டச் சொல்றேன்னாங்க. எவ்வளவு நல்ல மனசு பாருங்க. எனக்குத் தெரியாதா? முதல் பீரியடை ஒரு மாசம் கொடுத்தா அது திரும்பி வருமா? மேடம், எங்க டிபார்ட்மெண்ட் விஷயத்தை நாங்க பார்த்துக்கறோம்னு சொல்லி அனுப்பிட்டேன். சென்னியப்பன் அங்கதான் உக்காந்திருந்தான். அவங்க போறதையே பார்த்துட்டு இருந்தான். அவங்க என்ன கணக்குல வந்தாங்கன்னு அவனுக்குப் புரியலை, வெள்ளந்தி.

அதுக்காக நான் சும்மா இருந்துடலைங்க. அவன் தொண்டையைக் காப்பாத்தோணும், டிபார்ட்மெண்ட் மானத்தையும் காப்பாத்தோணும். யோசிச்சேன். ரெண்டு நாள் யோசிச்சேன். அப்பத்தான் அந்த வீடியோ யோசனை வந்துச்சு. ஒரே பாடத்தை இவன் எதுக்கு ஒவ்வொரு செக்ஷனாப் போயித் திருப்பித் திருப்பி நடத்தோணும்? ஒரு தடவை நடத்தட்டும், பிடிச்சு வச்சுக்குவோம், எல்லா செக்ஷனுக்கும் திரையில போட்டுடுவோம். பாதிப் பேச்சு மிச்சம். இது அவன் நல்லதுக்குன்னு நான் கண்டுபிடிச்சது. சேர்மன் ஐயாகிட்டச் சொன்னேன். எழுந்து வந்து கையைக் குடுத்தாருங்க எனக்கு.

அப்புறம் அவருக்கு இன்னொண்ணு தோணிச்சு. இந்த வருஷப் பாடம் மட்டும் எதுக்கு, பதினொண்ணு பன்னெண்டு ரெண்டு வருஷப் பாடத்தையும் முழுசாப் பிடிச்சுடுங்க, ஒரே வேலையாப் போயிடும்னாரு. அதுவும் சரிதானுங்களே. பொங்கலுக்குள்ள முடிச்சுட்டா அதுக்கப்புறம் ஒரு மாசம் என்ன, ரெண்டு மாசம் கூட வாயை மூடிக்கிட்டு உக்காரலாம். சென்னியப்பன்கிட்ட அப்படித்தான் சொன்னேன். பயாலஜி லேபுல எலும்புக்கூடு வச்சிருந்த ரூமைக் காலி பண்ணி, ஹாஸ்டல் மெத்தைகளைச் சுவத்துல கட்டி, சத்தம் உள்ள வராம பண்ணுனோம். கேமராவுக்கு நாமக்கல்லுல கல்யாண வீடியோ எடுக்கற ஒரு ஆளு. ஃபேன் போட்டாச் சத்தம் வருதுன்னு ஃபேனும் கிடையாது.

வகுப்பும் எடுக்கோணும், வகுப்பு இல்லாத நேரம் ரூமுக்கு வந்து ரெக்கார்டிங்கும் கொடுக்கோணும். கஷ்டந்தான், இல்லைன்னு சொல்லலை. நான் கூடவே உக்காந்திருந்தேனுங்க. எந்த ஹெட்டு உக்காருவான்? ஒவ்வொரு பாடத்துக்கும் உக்காந்தேன். அவன் பேசுவான், நிறுத்துவான், தண்ணி குடிப்பான், கண்ணை மூடிக்குவான், மறுபடி பேசுவான். கேமரா முன்னாடி மட்டும் அந்தக் குரல் எங்கிருந்தோ வந்துடும். எப்படி வந்துச்சுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியலை. நிறுத்துன உடனே காத்துத்தான் வரும். கர்ச்சீப்பை வாயில வச்சு எடுப்பான், சிகப்பா இருக்கும். என்னடான்னு கேட்டேன். ஈறுல ரத்தம் வருதுன்னு கையைக் காட்டுனான். அவனே அப்படிச் சொன்னா நான் என்னன்னு நினைக்கிறது?

கடைசிப் பாடம் அணுக்கரு. அன்னைக்கு அவன் மூஞ்சியில ஒரு சந்தோஷம், இதோட முடிஞ்சுதுன்னு. நடத்தி முடிச்சான். கேமராக்காரன் காதுல மாட்டியிருந்ததைக் கழட்டிட்டு, சார், நடுவுல பஸ் ஹாரன் சத்தம் விழுந்திருக்குது, கொஞ்சந்தான்னான். சென்னியப்பன் என்னைப் பார்த்தான். ஒரு தடவை எடுக்கற பாடம், வருஷக்கணக்கா ஓடப் போவுது, சுத்தமா இருக்கோணும் இல்லீங்களா? அவன் நல்ல பேருக்குத்தானே நானும் பார்த்தேன். இன்னொருக்கா எடுத்துடலாம் தம்பின்னேன். எடுத்தான். முதல்ல இருந்து முழுசா எடுத்தான். போய்க் கேளுங்க, அந்தப் பாடத்தை இன்னைக்கும் பசங்க கண் கொட்டாம பார்ப்பாங்க. முடிச்சதும் போர்டைத் துடைச்சுட்டு என்கிட்ட வந்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். ஒண்ணும் வரலை. சிரிச்சுட்டு, கும்பிட்டுட்டுப் போனான்.

பொங்கல் கழிஞ்சு கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. கேன்சர்னுட்டாங்க. கார்த்திகையில வந்திருந்தா கொஞ்சமாச் சுரண்டி எடுத்துட்டுக் குரலைக் காப்பாத்தியிருக்கலாம், இப்ப முழுசா எடுத்தாத்தான் உசுரு நிக்கும்னு அந்த டாக்டர் சொன்னாராம். கோகிலவாணி போன்ல அழுதுக்கிட்டே சொல்லுச்சு. நான் சொன்னேன், டாக்டருங்க அப்படித்தான் அம்மணி சொல்லுவாங்க, வர்றதை யாரால தடுக்க முடியும்னு. பீடி சிகரெட் தொடாதவன் அவன். யாருக்கு எது வரும்னு யாரு கண்டாங்க. குரல்வளையை எடுத்துட்டாங்க. கழுத்துல ஒரு ஓட்டை, அது வழியாத்தான் மூச்சு. மெல்லிசா ஒரு துணி கட்டியிருப்பான்.

ஸ்கூல்ல எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுக் கொடுத்தோம். நானும் போட்டேன்.

அந்த வருஷம் ரிசல்ட்டு கேக்கறீங்களா? பிசிக்ஸ்தான் முதல். உங்க அண்ணன் பையன் அந்த பேட்ச்சுத்தான்னு நினைக்கிறேன். லோகாம்பாள் மேடம் என் முகத்தையே பார்க்கலை. ஆண்டு விழாவுல எனக்குச் சால்வை போட்டு அகாடமிக் கோஆர்டினேட்டர்னு அறிவிச்சாங்க. நான் மேடையில சென்னியப்பன் பேரைச் சொன்னேனுங்க. சொல்லாம இல்லை. கைதட்டுனாங்க.

ஜூன்ல அவன் திரும்பி வந்தான். சேர்மன் ஐயா என்னைக் கூப்பிட்டு, பேச முடியாத வாத்தியாரை வச்சு என்னய்யா பண்றது, பாடந்தான் இருக்குதேன்னாரு. அவரு கேட்டதுல தப்பில்லை. நான் விடலைங்க. சண்டை போட்டேன். கேள்வித்தாள் டைப் பண்ற வேலையாவது கொடுங்கன்னு சொல்லி வாங்கிக் கொடுத்தேன். சம்பளம் குறைவுதான், ஆனா வேலை வேலைதானே. ஸ்டாஃப் ரூம்ல அவன் பழைய நாற்காலியே போட்டுக் கொடுத்தேன்.

அந்த ரூமுக்கு ஒரு பக்கம் பன்னெண்டாவது ஏ, இன்னொரு பக்கம் ரிப்பீட்டர்ஸ். எதிர்ல பதினொண்ணு. காலையில மணி அடிச்சதும் எல்லாத்துலயும் வீடியோ ஓடும். இந்தச் சுவத்துல இருந்து மின்சாரம், அந்தச் சுவத்துல இருந்து வெப்பம், எதிர்ல இருந்து ஈர்ப்பு விசை. எல்லாம் அவன் குரல். நடுவுல அவன் டைப் பண்ணிட்டு உக்காந்திருப்பான். நான் போறப்பெல்லாம் முதுகுல தட்டி, பாருடா, உன்னை யாராலயும் இந்த ஸ்கூலை விட்டு எடுக்க முடியாதுன்னு சொல்லுவேன். சந்தோஷப்படுவான்னுதான் சொல்லுவேன். கொஞ்ச நாளுதான் இருந்தான். ஒரு நாள் மத்தியானம் வகுப்பு நடந்துட்டு இருக்கும்போதே எழுந்தான், டிபன் பாக்ஸை எடுத்தான், கேட்டைத் தாண்டிப் போயிட்டான். லோகாம்பாள் மேடம் பின்னாடியே கேட்டு வரைக்கும் ஓடிப் போயிப் பார்த்துட்டுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டு வந்தாங்களாம். என்கிட்ட ஒரு சைகை கூடக் காட்டலைங்க அவன். நான் சண்டை போட்டு வாங்கிக் கொடுத்த வேலை.

சரி, போகட்டும்னு விட்டுட்டேன். நாலஞ்சு வருஷம் ஓடிப் போச்சு. எனக்கும் வேலை, போய்ப் பார்க்க முடியலை. போன மாசம் என் பொண்ணுக்குக் கல்யாணம். பத்திரிகை வைக்க நானே அவன் வீட்டுக்குப் போனேன். டிரைவர்கிட்டக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். நானே போனேன், நல்ல வெயில்.

வீட்டு முன்னாடி மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு நின்னுட்டு இருந்தான். என்னைப் பார்த்தான். நல்லாப் பார்த்தான். பார்த்துட்டு வாளியை எடுத்துக்கிட்டுக் கட்டுத்தறிப் பக்கம் போயிட்டான். பேச முடியாது, சரி. கையைக் காட்டி வாங்கன்னு ஒரு சைகை? தலையாவது அசைக்கலாமில்ல?

கோகிலவாணிதான் நாற்காலி போட்டுத் தண்ணி கொடுத்துச்சு. பத்திரிகையை வாங்கி மாடத்துல வச்சுது. நின்னுக்கிட்டே இருந்தது. அப்புறம், சார், உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும்னுச்சு. அண்ணா போயி சார் ஆயிடுச்சு, கவனிச்சீங்களா. என்னம்மான்னேன்.

"அவரு பேசுன வீடியோவுல ஒண்ணு வேணும் சார். முழுப் பாடம்னு இல்லை. கொஞ்சம் இருந்தாப் போதும். வர்ணிகாவுக்கு அவங்கப்பா குரலே தெரியாது."

வர்ணிகாங்கறது அந்தப் பாப்பா, இப்ப ஒண்ணாவது படிக்குது. வீட்டுல ஒண்ணுமே இல்லையாம்மான்னு கேட்டேன். கல்யாண சி.டி.யில நாயனச் சத்தந்தான் கேக்குதாம், அவன் மாலையைப் போட்டுக்கிட்டுச் சும்மா நிக்கிறானாம். பழைய போனு வைத்தியச் செலவுக்கு வித்தாச்சாம். அவன்தான் வீட்டுல பேசற அளவுக்கு எங்க இருந்தான், எங்ககூடத்தானே இருந்தான்.

எனக்கும் மனசு கஷ்டமாத்தாங்க இருந்துச்சு. ஆனா ஸ்கூல் ரூல்னு ஒண்ணு இருக்குது. வீடியோ காம்பவுண்டை விட்டு வெளிய போகவே கூடாது. வெளிய போனா அடுத்த நாளே பக்கத்து ஸ்கூல்ல ஓடும். கோஆர்டினேட்டரா இருந்துக்கிட்டு நானே அதைச் செய்யலாமுங்களா? அதுக்காகக் கை விரிச்சுடலை. ஒரு வழி சொன்னேன். பாப்பாவைப் பதினொண்ணாவதுக்கு நம்ம ஸ்கூல்லயே சேர்த்துடு அம்மணி. தினமும் காலையில அவங்கப்பாகிட்டயே பாடம் கேக்கும். எந்தப் பிள்ளைக்கு அந்தக் கொடுப்பினை கிடைக்கும்? ஃபீஸ்ல குறைக்கச் சொல்லி நானே சேர்மன் ஐயாகிட்டப் பேசறேன்னேன்.

கோகிலவாணி என் முகத்தைப் பார்த்துச்சு. "அது வரைக்கும் பாடம் மாறாதுங்களா?"ன்னு கேட்டுச்சு.

பொய் சொல்லலாமுங்களா? மாறும். அடுத்த வருஷமே மாறுது. ஹைதராபாத் கம்பெனி ஒண்ணு புதுசா அனுப்புது, கலர் கலராப் படம் எல்லாம் ஓடும். பழசை அழிச்சுடுவோம், கம்ப்யூட்டர்ல இடம் அடைக்குது. உங்க பாப்பாவுக்கு இந்த ஒரு வருஷம் சென்னியப்பன் கிடைப்பான், கடைசி பேட்ச். கோகிலவாணிகிட்டயும் உள்ளதைச் சொன்னேன். நான் பாதி குடிச்சிட்டு இருந்த சொம்பைக் கையில இருந்து வாங்கிட்டு உள்ள போயிடுச்சு.

நான் கிளம்பலாம்னு எழுந்தேன். அந்தப் பாப்பா கதவுக்குப் பின்னாடி இருந்து வந்து நின்னுச்சு. எல்லாத்தையும் கேட்டுட்டு இருந்திருக்குது போல. "எங்கப்பா பேசி நீங்க கேட்டிருக்கீங்களா?"ன்னுச்சு. தினமும் கேட்டிருக்கேன் சாமின்னேன். எப்படிப் பேசுவாங்கன்னு கேட்டுச்சு. என்னத்தைச் சொல்றது? சரி, குழந்தைக்கு நம்மால முடிஞ்சதுன்னு, நின்னு, தொண்டையைச் சரி பண்ணிக்கிட்டு, அவன் பேசற மாதிரியே பேசிக் காட்டுனேனுங்க.

"ஏனுங் கண்ணு, ஊஞ்சல் ஆடியிருக்கியா? ஆடி உசரத்துக்குப் போனதும் ஒரு இடத்துல சும்மா நிக்குமே, அப்ப வயித்துக்குள்ள என்னமோ காலியாகுமே, அது என்னன்னு இன்னைக்குப் பார்ப்போமா?"

பாப்பா வாயைத் திறந்துக்கிட்டுக் கேட்டுச்சு. ஒரு சிரிப்பு வந்துச்சு பாருங்க அது மூஞ்சியில. திரும்பிப் பார்த்து, "அப்பா, நீங்க இப்படியா பேசுவீங்க?"ன்னுச்சு. அப்பத்தான் நானும் பார்த்தேன், அவன் வாசப்படியில வந்து நிக்கிறான். கையில வைக்கோல். எவ்வளவு நேரமா நிக்கிறானோ தெரியலை.

இல்லைன்னு தலையாட்டுனான்.

மெதுவா, ரெண்டு பக்கமும், குழந்தையைப் பார்த்து. இவன் பேசறது நான் இல்லைங்கற மாதிரி. அப்புறம் அதைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு உள்ள போயிக் கதவைச் சாத்திட்டான்.

அதுதாங்க எனக்குத் தாங்க முடியலை. கல்யாணத்துக்கு வரலை, அது போகட்டும். அத்தனை வருஷம் பக்கத்துல உக்காந்து அவன் குரலைக் கேட்டவன் நான். ஒவ்வொரு பாடத்தையும் கேட்டவன். எனக்குத் தெரியாதா அவன் எப்படிப் பேசுவான்னு? குழந்தை ஆசைக்காகவாவது ஆமான்னு ஒரு தலையாட்டு ஆட்டியிருக்கலாம். இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு தடவை கூட இல்லைன்னு தலையாட்டாதவன்.

ஏனுங்க, பையை எடுத்துக்கிட்டு எங்க எழுந்திரிக்கிறீங்க?

பாப்பாவை எதுக்கு எழுப்பறீங்க? இது ஸ்கூல் ஸ்டாப் இல்லைங்க. இன்னும் ரெண்டு ஸ்டாப் தள்ளி. கண்டக்டர், நிறுத்தாதீங்க, அவருக்கு இடம் தெரியாது. ஏனுங்க, இங்க ஒண்ணும் இல்லைங்க, வெறுங்காடு. திரும்பிப் போற பஸ்ஸுக்கு வெயில்ல நிக்கோணும் நீங்க.